சலைன் பாட்டிலுக்குச் சிவப்புப் பெருக்கல் குறி

புனே பக்கத்தில், தேஹு ரோடு ராணுவக் கிடங்கில் உதிரிபாகப் பெட்டிகளைத் திறந்து பார்த்து, துருப்பிடித்ததைத் தள்ளிவைப்பதுதான் சுந்தரமூர்த்தியின் வேலை. கியர் சக்கரமோ பேரிங்கோ போல்ட்டோ, எதுவானாலும் சுற்றியிருக்கும் மெழுகுத்தாளைப் பிரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் நாலு பக்கமும் திருப்பிப் பார்ப்பார். நன்றாக இருந்தால் எண்ணெயில் முக்கி, மடிப்புக் கலையாமல் மறுபடி சுற்றி வைப்பார். பழுப்பாக ஒரு பொட்டுத் தெரிந்தால் போதும், சட்டைப் பையிலிருந்து சிவப்பு சாக்பீஸை எடுத்து ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுவார். அதற்கு மேல் அந்தச் சாமானுக்கு அப்பீல் கிடையாது. அதிகாரி வந்து சொன்னாலும் அழிக்க மாட்டார்.

இந்தப் பெருமை அவரோடு கிடங்கு கேட்டிலேயே நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் சாக்பீஸ் சட்டைப் பையில் வீட்டுக்கும் வந்தது. ஜன்னல் கம்பி, குழாய் மூடி, சைக்கிள் செயின் என்று குறி விழாத பொருள் வீட்டில் குறைவு. கல்யாணத்துக்குச் சீராக வந்த இரும்பு தோசைக்கல்லில் மழைக்காலத்தில் லேசாகச் சிவப்பு பூத்திருக்கிறது என்று அதைத் தள்ளினார். அடுத்து இருப்புச்சட்டி போயிற்று. அடுத்து அரிவாள்மணை. எல்லாவற்றுக்கும் பதிலாகப் பளபளவென்று எவர்சில்வரும் நான்ஸ்டிக்கும் வந்தன.

"நல்லவேளை, நான் இரும்புல செஞ்சவ இல்ல. இருந்திருந்தா தாலி கட்டுன அன்னிக்கே ஒரு எக்ஸ் போட்டிருப்பாரு" என்று அவர் மனைவி பவுன் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

குறி போடாமல் அவர் பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஜீவன் அவருடைய தங்கை மல்லிகா. வாலாஜா பக்கத்திலிருந்து வந்து அதே கிடங்கில் மூட்டை தூக்கிய அப்பா, வேலையில் இருக்கும்போதே இறந்துபோனார். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டிருந்த சுந்தரமூர்த்தி அந்த வேலைக்குள் நுழைந்தபோது மல்லிகா ஒன்றாம் வகுப்பில் இருந்தாள். அவளை எம்.ஏ., பி.எட். வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தினார். புத்தகத்துக்கெல்லாம் கிடங்கு மெழுகுத்தாளில்தான் அட்டை போடுவார். கல்லூரி வகுப்பில் மல்லிகாவின் புத்தகம் மட்டும் மழையில் நனையாமல் இருக்கும், கிரீஸ் வாசனையும் அடிக்கும். காய்கறிக்காரரிடம் வெண்டைக்காய் விலை கேட்கும்போதுகூட, "மேரீ பெஹன் டீச்சர் ஹை" என்று இந்தியில், தங்கையின் டீச்சர் வேலையிலிருந்தே ஆரம்பிப்பார். விலை குறைந்ததாகத் தகவல் இல்லை.

மல்லிகா கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அண்ணன் வீட்டிலேயே இருந்தாள். பதினோரு வருஷமாக ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியை. 2004-ஆம் வருஷம்தான் நிரந்தர இடம் ஒன்று காலியாயிற்று. அது அவளுக்கு என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும் அன்றைக்கு உடல் தகுதிச் சான்றிதழோடு வந்து சேர வேண்டும், வராவிட்டால் வரிசையில் அடுத்தவருக்குப் போகும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

அந்த வருஷம் பார்த்துத்தான் அவள் வகுப்பில், கரும்பலகைக்கு முன்னால் மயங்கி விழுந்தாள்.

விசாரித்தபோதுதான் தெரிந்தது, மாதாமாதம் அளவுக்கு மீறி ரத்தம் போவதைப் பல வருஷமாக அவள் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். அவள் முகம் வெளுத்துக்கொண்டே வந்ததைச் சுந்தரமூர்த்தி பார்க்காமல் இல்லை. சாக்பீஸ் தூசு என்று நினைத்தார். பழுப்புப் பொட்டைப் பத்தடி தூரத்திலிருந்து பிடிக்கும் கண் அது. வெளுப்பு அதன் இலாகா இல்லை.

நிக்டியில் ஒரு சிறிய ஆஸ்பத்திரி. டாக்டர் ராஜஸ்ரீ என்ற இளம் மராத்திப் பெண், கர்ப்பப்பையில் கட்டி, எடுத்துவிட வேண்டும் என்றார். ஏப்ரல் நடுவில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கர்ப்பப்பை என்ற சொல்லை வாயால் சொல்லக் கூச்சப்பட்டு, கிடங்கில் "வயித்துல ஒரு சின்ன வேலை" என்று மட்டும் சொன்னார் சுந்தரமூர்த்தி. பாதிப் பேர் அப்பெண்டிக்ஸ் என்றும் மீதிப் பேர் சிறுநீரகக் கல் என்றும் முடிவு செய்துகொண்டார்கள். அவர் இரண்டு கட்சிக்கும் தலையாட்டினார்.

ஆனால் மல்லிகாவின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏழுக்குப் பக்கத்தில் நின்றது. பத்தையாவது தாண்டாமல் தகுதிச் சான்றிதழில் கையெழுத்துப் போட முடியாது என்று ராஜஸ்ரீ சொல்லிவிட்டார். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, மாடிப்படியில் பாதியிலேயே மூச்சு வாங்குகிறது, நாள் முழுக்க நின்று பாடம் எடுப்பது எப்படி? இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

இரும்பு என்றதும் சுந்தரமூர்த்திக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. இரும்பைப் பற்றி அவருக்குத் தெரியாதது என்ன இருக்கிறது?

மாத்திரைப் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். பவுனைக்கூட அந்த டப்பாவைத் தொட விடவில்லை. பஜாரில் கறிக்கடைக்காரனிடம் சொல்லிவைத்து ஆட்டுச் சுவரொட்டி, அதாவது மண்ணீரல், வாங்கி வந்தார். மல்லிகா அதைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முருங்கைக்கீரையை அவரே ஆய்ந்தார். ஒவ்வொரு ஈர்க்காகப் பிரித்து, பழுத்த இலையைத் தள்ளி, இவர் ஆய்ந்து முடிப்பதற்குள் கீரை வாடிவிடும்.

மூன்று வாரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கணக்கு நகரவே இல்லை என்று சொல்லலாம்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறாங்களா, காகா?" என்று ராஜஸ்ரீ இந்தியில் கேட்டார். மராத்தியில் காகா என்றால் சித்தப்பா. மல்லிகாவும் பவுனும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒரு வேளை தப்பல மேடம். நானே என் கையால குடுக்கறேன்."

"எதோட குடுக்கறீங்க?"

இப்படி ஒரு கேள்விக்காகத்தான் சுந்தரமூர்த்தி காத்திருந்தார். "தண்ணியில குடுத்தா குமட்டுதுன்னு சொல்றா. அதனால சாயோட. கெட்டியா, பால் நிறைய ஊத்தி, இஞ்சி தட்டிப் போட்டு. மாத்திரை வாய்ல விழுந்ததும் கப்பு கைல இருக்கும்."

ராஜஸ்ரீ எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "சாய் கே சாத்? சாயோடவா?"

"கட்டிங்னு அரைக் கப்பு இல்ல மேடம். ஃபுல் கப்பு."

 பிறகு ராஜஸ்ரீ பொறுமையாகச் சொன்னார். தேயிலை இரும்பைக் குடலிலேயே பிடித்து நிறுத்திவிடும், ரத்தத்துக்குள் போக விடாது. பாலும் கொஞ்சம் அதே வேலையைச் செய்யும். "ஒரு கையால குடுத்து இன்னொரு கையால வாங்கிட்டிருந்திருக்கீங்க, காகா."

பவுனுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் எப்போது வரும். "வீட்டுல இருந்த இரும்ப எல்லாம் இவர்தான் டாக்டர் ஒண்ணொண்ணா தொரத்துனாரு. தோசைக்கல்லு, சட்டி, அருவாமனை. மிச்சம் இவ ரத்தத்துல இருந்தது. அதையும் சாய் போட்டுத் தொரத்திட்டாரு."

ராஜஸ்ரீ சிரித்துவிட்டார். தோசைக்கல் காரணம் இல்லை, வருஷக்கணக்காகப் போன ரத்தம்தான் காரணம், சாய் இல்லாமல் கொடுத்திருந்தாலும் மாத்திரை வேலை செய்ய மாதக்கணக்கில் ஆகும் என்று ஆறுதலும் சொன்னார். பள்ளி திறக்க அவ்வளவு நாள் இல்லை. வயிறும் மாத்திரையை ஏற்கவில்லை. ஆகவே இரும்பை நேராக நரம்பு வழியாகச் செலுத்திவிடலாம், ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்து தடவை. ரத்தம் ஏற்ற வேண்டிய அளவுக்கு நிலைமை மோசமில்லை. இந்த மருந்து ஏறினால் உடம்பே ரத்தத்தைச் செய்துகொள்ளும்.

சுந்தரமூர்த்தி வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் காரியம், சாய்த்தூள் டப்பாவை எடுத்து பரண் மேல் வைத்தது. தங்கைக்கு மட்டுமல்ல, வீட்டுக்கே சாய் பந்த். தவறு செய்தவர் அவர், தலைவலி வந்தது பவுனுக்கு.

முதல் தடவை மருந்து ஏற்றப் போனபோது அவரும் உடன் போனார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். நர்ஸ் செல்வமேரி திருநெல்வேலிக்காரி, புனே கிர்கீயில் வளர்ந்தவள். மராத்தி பேசினால் மராத்திக்காரி, தமிழ் பேசினால் நேற்றுத்தான் ரயிலில் இறங்கியவள் மாதிரி இருப்பாள். அவள் சின்னக் கண்ணாடிக் குப்பியை உடைத்து, உள்ளே இருந்ததை ஊசியில் உறிஞ்சி, சலைன் பாட்டிலுக்குள் செலுத்தினாள்.

சுந்தரமூர்த்தி ஸ்டூலிலிருந்து பாதி எழுந்தார். தெளிந்த தண்ணீராக இருந்த சலைன், கண்ணெதிரே பழுப்பாகிக்கொண்டிருந்தது.

"மொதல்ல மெள்ளமா விட்டுப் பாப்போம் டீச்சர். அரிப்பு, படபடப்பு எதாவது இருந்தா ஒடனே சொல்லணும் என்ன" என்று சொல்லி, செல்வமேரி கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நின்று கவனித்தாள். ஒன்றும் இல்லை. சொட்டின் வேகத்தைச் சரி செய்தாள். அடுத்த அறையில் யாரோ கூப்பிட்டார்கள். "இந்தா வந்திருதேன் அண்ணாச்சி, பாத்துக்கிடுங்க" என்று போனாள்.

பார்த்துக்கொள்ளச் சொன்னது தங்கையை. அவர் பார்த்தது பாட்டிலை.

அந்த நிறம் அவருக்குத் தெரியும். முப்பது வருஷத்துக்கு மேலாக அந்த நிறத்தோடுதான் அவருக்குச் சண்டை. எண்ணெய்ப் பீப்பாய் அந்த நிறத்துக்கு வந்தால் பீப்பாயோடு தள்ளிவிடுவார்கள். தட்டில் கிடந்த உடைந்த குப்பியைத் தொட்டு விரல் நுனியில் தேய்த்துப் பார்த்தார். செம்பழுப்புக் கறை. சந்தேகமே இல்லை, துரு. ரொம்ப நாள் கிடந்து கெட்டுப்போன சரக்கைத் தெரியாமல் எடுத்துப் போட்டுவிட்டார்கள். சாய் விஷயத்தில் பட்ட அவமானத்தைத் துடைக்கக் கடவுளாகப் பார்த்துக் கொடுத்த வாய்ப்பு என்று அவருக்குத் தோன்றியது.

மல்லிகா கண்ணை மூடியிருந்தாள். சுந்தரமூர்த்தி பாட்டிலைக் கம்பியிலிருந்து கழற்றினார். ஜன்னல் வெளிச்சம் கட்டிலுக்கும் கீழே தரையில்தான் விழுந்தது. ஆகவே பாட்டிலைக் கீழே இறக்கி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கிடங்கில் செய்வது மாதிரி நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அடியில் வண்டல் தெரிகிறதா என்று குலுக்கினார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. பாட்டிலின் லேபிள் மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி போட்டார். அழுத்திப் போட்டார்.

நிமிர்ந்தபோது குழாயில் வேறொரு சிவப்பு தெரிந்தது. மல்லிகாவின் கையிலிருந்து ரத்தம், குழாய் வழியாக, நிதானமாக அவரை நோக்கி வந்துகொண்டிருந்தது.

பாட்டிலைக் கைக்குக் கீழே இறக்கினால் ரத்தம் பின்னால் ஓடி வரும் என்பது ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவர்களுக்கும் தெரியும். நம்முடைய நிபுணருக்குத் தெரியவில்லை. இருக்கிற கொஞ்ச ரத்தத்தையும் இந்தத் துரு உறிஞ்சுகிறது என்று நினைத்தார். குழாயிலிருந்த சக்கரத்தைத் திருகி மூடினார். அதுவரைக்கும்தான் அவருக்கு நினைவு இருந்தது.

கண் திறந்தபோது பக்கத்துக் கட்டிலில் கிடந்தார். கால் பக்கம் இரண்டு தலையணை. செல்வமேரி அவர் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணாச்சி, இப்படிச் செஞ்சு வச்சிட்டிய? நல்லா ஏறிக்கிட்டு இருந்த மருந்த யாரு எறக்கச் சொன்னா?"

"துருப்பிடிச்ச மருந்தும்மா அது."

"துருவாம்லா" என்று செல்வமேரி வாசலைப் பார்த்துச் சொன்னாள். வாசலில் ராஜஸ்ரீ நின்றிருந்தார். கையில் பாட்டில். லேபிளில் இருந்த குறியை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். இதற்குள் ஆஸ்பத்திரிப் பையன் சுந்தரமூர்த்திக்குச் சர்க்கரை தூக்கலாக ஒரு கப் சாய் கொண்டுவந்து கொடுத்தான். எல்லார் முன்னாலும் அதைக் குடிக்க வேண்டியிருந்தது.

"என்ன வேலை பாக்கறீங்க, காகா?" என்று ராஜஸ்ரீ கேட்டார். சுந்தரமூர்த்தி சொன்னார். மெழுகுத்தாள் வரைக்கும் சொன்னார்.

"அதே வேலைதான் இங்கயும். வெறும் இரும்பை ரத்தத்துல விட்டா உடம்பு தாங்காது. அதனால சர்க்கரையில சுத்தி அனுப்புறாங்க. உடம்பு மெல்ல மெல்லப் பிரிச்சு எடுத்துக்கும். நிறம் அப்படித்தான் இருக்கும். இந்த நிறம் இல்லன்னாதான் நான் தள்ளுவேன்." அவர் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் சுந்தரமூர்த்திக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஊசியில் ரத்தம் உறைந்துவிட்டது, இந்த மருந்தைக் கொட்டிவிட வேண்டும், நாளன்றைக்கு வேறு கையில் புதிதாக ஆரம்பிக்கலாம் என்றார்.

மல்லிகா வீங்கிய கையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். வீட்டு வாசலில் இறங்கியதும், "அந்த சாக்பீஸைக் குடு" என்றாள்.

கொடுத்தார்.

அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "பதினோரு வருஷம்ணா. வருஷா வருஷம் ஏப்ரல்ல நிறுத்தி, ஜூன்ல மறுபடி கூப்பிடுவாங்களான்னு பாத்துட்டே இருந்தேன். இப்ப கைக்கு வந்தது, ரத்தம் இல்லன்னு போச்சுன்னா அது என் விதி. நீ அக்கறையா பாத்துப் பாத்தே போச்சுன்னா என்னால உன் மூஞ்சியப் பாக்க முடியாது." வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "நான் உன் டிப்போ சாமான் இல்ல. இனிமே உள்ள வராத. வந்தா வெளிய உக்காரு."

சுந்தரமூர்த்தியைப் பார்த்து வீட்டில் யாரும் அதுவரை அப்படிப் பேசியதில்லை. பவுன் கிண்டல் செய்வாள், ஆனால் அது வேறு. அன்றைக்கு அவளும் கிண்டல் செய்யவில்லை என்பதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது.

அதற்கப்புறம் ஐந்து தடவையும் அவர் வெளியே, செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில்தான் உட்கார்ந்தார். உள்ளே பவுன் இருந்தாள். கைகள் தானாக எதையாவது செய்துவிடும் என்ற பயத்தில் அவற்றைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அப்படியும் ஒருநாள் வந்தவர்கள் விட்டிருந்த செருப்புகளை ஜோடி சேர்த்து வரிசைப்படுத்தி வைத்துவிட்டார். அளவு வாரியாக. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் செல்வமேரி, "எறங்குது அண்ணாச்சி. துரு பூரா எறங்குது" என்று செய்தி சொல்லிவிட்டுப் போவாள். அவர் இரண்டு கையும் அடியில் இருக்கத் தலையை மட்டும் ஆட்டுவார்.

மல்லிகா அவரிடம் அவசியத்துக்கு மட்டும் பேசினாள். மற்ற மருந்துகள், கீரை, பழம் எல்லாம் பவுன் கைக்குப் போயின. பரணிலிருந்து சாய்த்தூளும் இறங்கியது. பழைய சாமான்காரனிடம் போகாமல் அறை மூலையில் சாக்கில் கிடந்த இருப்புச்சட்டியைப் பவுன் எடுத்துத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அதில் அவர் போட்ட குறி, இத்தனை வருஷம் கழித்தும் லேசாகத் தெரிந்தது. தேய்க்கத் தேய்க்கப் போயிற்று.

ஜூன் முதல் வாரம் முடிந்ததும் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வாங்க அவர்தான் போக வேண்டியிருந்தது, பவுனுக்கு முட்டிவலி. உறை ஒட்டாமல்தான் கொடுத்தார்கள். நிக்டியிலிருந்து தேஹு ரோடு வரைக்கும் ஆறு சீட்டர் ஆட்டோவில், எட்டுப் பேருக்கு நடுவில், உறையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, அதைப் பிரிக்காமல் வந்து சேர்ந்தார். தன் வாழ்க்கையிலேயே செய்த கடினமான காரியம் அதுதான் என்று இன்றைக்கும் சொல்வார். கேட்கிறவர்கள் நம்புவதில்லை. மெழுகுத்தாளைப் பிரித்தே வளர்ந்த கை அது என்று தெரிந்தவர்கள் மட்டும் நம்புவார்கள்.

மல்லிகா பிரித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவர் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா?"

"இல்ல."

"பொய் சொல்லாத."

"இல்லம்மா. உன்னுது. நான் ஏன் பாக்கணும்?"

அவள் காகிதத்தை அவர் பக்கம் திருப்பினாள். பத்துக்கு மேல். அதிகம் மேல் இல்லை, ஆனால் மேல்தான். ராஜஸ்ரீ மறுநாளே சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். கொஞ்ச நாளைக்குக் கனம் தூக்கக் கூடாது, பாதி நேரம் உட்கார்ந்துதான் பாடம் எடுக்க வேண்டும், இரும்பு மாத்திரையை மறுபடி ஆரம்பித்து, சாயோடு சேராமல் சாப்பிட வேண்டும் என்றும் எழுதினார்.

பள்ளி திறந்த அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. சுந்தரமூர்த்தி லீவு கேட்கவில்லை. வழக்கம்போல கிடங்குக்குப் போனார். அன்று பார்த்த பெட்டிகளில் ஒரு குற்றமும் இல்லாத கியர் சக்கரம் ஒன்றைப் பெருக்கல் குறியோடு தள்ளிவைத்திருந்ததை, பக்கத்து மேஜை சந்திரமௌலி காட்டினார். முப்பது வருஷத்தில் முதல்முறையாகச் சுந்தரமூர்த்தி தன் குறியைத் தானே துடைத்தார்.

சாயந்திரம் அவர் வாசலில் நின்றிருந்தார். மல்லிகா முனையில் ஆட்டோவிலிருந்து இறங்கி, குடையை மடக்கி, சந்துக்குள் நடந்து வந்தாள். நடை மெதுவாகத்தான் இருந்தது. வாசலில் நாலு படி. முதல் படியில் நின்றாள். சுந்தரமூர்த்தியின் கை முன்னால் வரப் பார்த்தது. இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் ஏறினாள். மூன்றாவது படியில் கொஞ்சம் நின்று, மீதியையும் ஏறி, அவரைத் தாண்டி உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பில் சாக்பீஸ் தூசு. சிவப்பு.

"ஸ்கூல்ல கலர் சாக்பீஸ் இன்னும் வாங்கலையாம்" என்றாள். "உன்னுத வச்சுத்தான் போர்டுல தலைப்பு எழுதினேன். நல்லா அழுத்தமா வருது."

"டிப்போ சாக்பீஸ்" என்றார் சுந்தரமூர்த்தி. அதற்கு மேல் பெருமை பேசாமல் நிறுத்திக்கொண்டார்.

"கையெழுத்துப் போட்டாச்சுணா. பர்மனென்ட்."

அவர் தலையாட்டினார். 

மல்லிகா செருப்பைக் கழற்றிக்கொண்டே, "ஒரு சாய் குடிக்கலாமா?" என்று கேட்டாள்.

மாத்திரை எப்போது சாப்பிட்டாய், அதற்கும் இதற்கும் நடுவில் போதிய நேரம் ஆகிவிட்டதா, இஞ்சி போடலாமா கூடாதா, பால் எவ்வளவு என்று கேள்விகள் எல்லாம் வரிசையாக வந்து அவர் தொண்டையில் நின்றன. கண் சுவர்க் கடிகாரத்தின் பக்கம் போயிற்று.

"கடியாரத்தப் பாக்காதீங்க" என்று உள்ளே இருந்து பவுன் சொன்னாள். "அடுப்பப் பத்தவைங்க."

சுந்தரமூர்த்தி போய் அடுப்பைப் பற்றவைத்தார்.